ஆயிரம் மடிப்பு என்று இனிமேல் யாரும் எனக்கு அனுப்பாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கடந்த பத்து நாளில் ஒரே காணொளி ஏழு பேரிடமிருந்து எனக்கு வந்துவிட்டது. சாமுராய் வாள், பின்னணியில் புல்லாங்குழல், கம்பீரமான ஒரு குரல். "ஆயிரம் முறை மடித்து அடித்த இரும்பு. துப்பாக்கிக் குழலையே துண்டாக்கும். இதற்கான எஃகு நம் தமிழ் மண்ணிலிருந்து போனது. பெருமையோடு பகிருங்கள்." அனுப்பிய ஏழு பேரில் நான்கு பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பெருக்குத் தொடர் பாடம் நடத்தும்போதெல்லாம் சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதையைச் சொல்லிவிட்டு, அடுத்த உதாரணமாக இந்த வாளைத்தான் சொல்வேன். "டேய், ஜப்பான்காரன் வாளை ஆயிரம் தடவை மடிச்சு அடிப்பான். எத்தனை அடுக்கு வரும், போடு பார்ப்போம்." வகுப்பு வாயைப் பிளக்கும். எங்கோ ஒரு பத்திரிகைத் துணுக்கில் படித்தது. சரிபார்த்ததில்லை. முப்பது வருடம் சொன்னேன்.

போன மாதம் அந்த முப்பது வருடத்தில் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கையில் பழைய வேட்டியில் சுற்றிய நீளமான பொட்டலம். அவன் தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். 1945-இல் ஜப்பானியர்கள் சரணடைந்தபோது பர்மாவில் கிடைத்தது என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்த வாள் அது. எழுபது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்திருக்கிறது. பையன் யூடியூபில் பார்த்துப் பார்த்து, பிடிக்குள் இருக்கும் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றியிருக்கிறான். உள்ளே இருந்த வால்பகுதி கன்னங்கரேலென்று துருப் பிடித்திருந்ததாம். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, உப்புத்தாள் வைத்து இரண்டு நாள் தேய்த்திருக்கிறான். என் முன்னால் எடுத்து வைத்தபோது எவர்சில்வர் கரண்டி மாதிரிப் பளபளவென்று இருந்தது.

"ஏன்டா தேய்ச்சே?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, ஆயிரம் மடிப்பு இருக்கும்னு. அந்த அடுக்கு தெரியுதான்னு பார்க்கலாம்னுதான்."

அதில் ஏதாவது எழுத்து வெட்டியிருந்ததா என்று கேட்டேன். அவன் யோசித்தான். அம்மாவுக்கு போன் போட்டான். ஏதோ இரண்டு எழுத்து மங்கலாக இருந்த மாதிரி ஞாபகம் என்று அந்த அம்மா சொன்னார்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்த தொழில் அது.

ஒரு இரும்புக் கட்டியை ஒருமுறை மடித்தால் 2 அடுக்கு. பத்து முறை மடித்தால் 1,024. பதினைந்து முறைக்கு 32,768. இருபத்தைந்தாவது மடிப்பில் 3 கோடியே 35 லட்சத்தைத் தாண்டுகிறது. வாளின் முதுகு அதிகம் போனால் ஏழு மில்லிமீட்டர் கனம். அதை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒரு அடுக்கின் கனம் ஒரு இரும்பு அணுவின் விட்டத்தைவிடக் குறைவாக வரும். அதாவது இருபத்தைந்து மடிப்பிலேயே அடுக்கு என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விடுகிறது. ஆயிரம் மடிப்பு என்றால் அடுக்குகளின் எண்ணிக்கை 302 இலக்க எண்! இதைக் கணக்கு வாத்தியாரான நான் முப்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

உண்மையில் கொல்லர்கள் மடிப்பது ஏறக்குறைய பத்திலிருந்து பதினைந்து முறை. ஆயிரம் என்ற எண் மடிப்புக்கு உரியதல்ல, அடுக்குக்கு உரியது. யாரோ ஒருவர் இரண்டையும் குழப்பிவிட்டார், அது உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஏன் மடிக்கிறார்கள்? மந்திர இரும்பு என்பதாலா? நேர் எதிர். கையில் கிடைத்த இரும்பு ஒரே சீராக இல்லை என்பதால். காணொளிக்காரர்கள் சொல்லாத இந்த இடத்தில்தான் அந்தக் கைத்தொழிலின் பெருமையே இருக்கிறது.

ஜப்பானில் நல்ல இரும்புப்பாறைச் சுரங்கம் அதிகமில்லை. மலையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் கருமணலை அரித்து எடுக்கிறார்கள். தத்தாரா என்று ஒரு உலை. களிமண்ணால் கட்டிய தொட்டி மாதிரி இருக்கும். அதில் ஒரு கை கரி, ஒரு கை மணல் என்று மூன்று பகல் மூன்று இரவு விடாமல் போட வேண்டும். ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோவில் 1977-இல் திரும்ப உயிர்ப்பித்த உலை ஒன்று இன்றும் குளிர்காலத்தில் எரிகிறது. ஒரு தடவைக்குச் சுமார் பத்து டன் மணல், பன்னிரண்டு டன் கரி. கடைசியில் உலையையே உடைத்து, உள்ளே உறைந்து கிடக்கும் இரண்டரை டன் கட்டியை இழுத்து எடுக்கிறார்கள். அதிலும் வாளுக்கு ஆகும் தமஹகானே என்ற எஃகு ஒரு டன்கூடத் தேறாது. உலைத்தலைவர் தீயின் நிறத்தைப் பார்த்தும் உலையின் சத்தத்தைக் கேட்டும்தான் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்கிறார்.

அந்தக் கட்டியில் இரும்பு முழுசாக உருகுவதில்லை. ஒரு துண்டில் கரிச்சத்து அதிகம், பக்கத்துத் துண்டில் குறைவு, நடுநடுவே கசடு. கொல்லர் அதை உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்தே தரம் பிரித்து, அடுக்கி, களிமண் கரைசல் ஊற்றி, வைக்கோல் சாம்பலில் புரட்டிச் சூடேற்றி, அடித்து ஒட்டவைக்கிறார். பிறகு நடுவில் வெட்டு, மடி, அடி. திரும்ப வெட்டு, மடி, அடி. ஒவ்வொரு மடிப்பிலும் கசடு தெறித்து வெளியேறுகிறது, கரிச்சத்து சீராகப் பரவுகிறது. கூடவே கரிச்சத்து குறைந்துகொண்டும் போகிறது. அதிகம் மடித்தால் வாளுக்கு வேண்டிய கடினமே போய்விடும். ஆயிரம் முறை மடித்தால் கையில் எதுவும் மிஞ்சாது. பத்து பதினைந்து மடிப்பிலேயே தொடங்கிய எடையில் பாதிக்குமேல் பொறியாகவும் செதிலாகவும் போய்விடுகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்ததுதான் கொல்லரின் அறிவு.

(ஒரு சின்ன விஷயம். குருவின் சுத்தியல் தட்டும் தாளத்துக்குச் சீடர்கள் பெரிய சம்மட்டியால் மாறி மாறி அடிப்பதற்கு ஐசுச்சி என்று பேர். இன்றும் ஜப்பானியர்கள், பேச்சு நடுவே "ம்... ம்..." கொட்டுவதை அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணையில் கதை கேட்டவர்கள் செய்தது அதுதானே!)

இப்போது "நம் எஃகு" விவகாரம். இதற்கு எனக்கு அதிகம் திட்டு விழும் என்று தெரியும், விழட்டும். கொடுமணலில் எஃகு உருக்கிய தடயம் கிடைத்திருப்பது உண்மை. தென்னிந்திய உருக்கு மேற்கே போய் டமாஸ்கஸ் வாளாக ஆனதும் உண்மை. நம் கொல்லர்கள் இரும்பை மூடிய மண்குப்பியில் வைத்து உருக்கினார்கள். உருகிக் கட்டியான அந்த எஃகில் மெல்ல ஆறும்போதே கோலம் மாதிரி வரிகள் உண்டாகும், மடிக்கவே தேவையில்லை. ஜப்பானிய முறையில் எஃகு முழுதாக உருகுவதுமில்லை, மடிக்காமல் வாளாவதுமில்லை. இரண்டும் இரண்டு வெவ்வேறு வழி. ஒன்றை மற்றொன்றுக்குத் தாயாக்குவது, பரோட்டாவைப் பார்த்து இது எங்கள் வீட்டு இட்லியின் பிள்ளை என்று சொல்வதுபோல.

"நன்பான் தெத்ஸு என்று வாளிலேயே எழுதியிருக்கிறதே ஐயா" என்று கொஞ்சம் படித்தவர்கள் வருவார்கள். எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. தொக்குகாவா இயெயாசுவுக்கு வாள் செய்த யாசுத்சுகு, பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சில வாள்களின் வால்பகுதியில் "நன்பான் இரும்பால் செய்தது" என்று வெட்டியிருக்கிறார். நன்பான் என்றால் தெற்கிலிருந்து கப்பலில் வந்த அந்நியர்கள். அந்நிய இரும்பு என்றுதான் அதில் இருக்கிறது, ஊர்ப்பேர் இல்லை. சாமுராய் வாள்களோ அதற்கு அறுநூறு வருடம் முன்பிருந்தே அவர்கள் மணலில் பிறந்துகொண்டிருந்தவை. நம் கொல்லர்கள் செய்ததே உலகம் மெச்சும் காரியம். அடுத்தவன் உலையில் போய் நம் பெயரை எழுத வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

துப்பாக்கிக் குழலுக்கு வருகிறேன். அந்த வாளின் விளிம்பு மிகக் கடினம், ஆகவே எளிதில் சில்லு தெறிக்கும். இரும்புக் கவசத்தில் ஓங்கி வெட்டினால் வாளுக்குத்தான் சேதம். இதைத் தெரிந்துகொண்டுதான் கொல்லர்கள் ஒரு வேலை செய்தார்கள். உள்ளே மெத்தென்ற இரும்பு, வெளியே கடின எஃகு என்று வைத்து அடித்தார்கள். முடிந்த வாளின் மேல் களிமண் கலவை பூசினார்கள், முதுகில் கனமாக, விளிம்பில் மெல்லிசாக. பட்டறையை இருட்டாக்கி, இரும்பின் சிவப்பு எந்த நிறத்துக்கு வந்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்து, தண்ணீரில் தோய்ச்சல் கொடுத்தார்கள். விளிம்பு சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெல்லக் குளிர்ந்து நெகிழ்வாக நிற்கிறது. கடினமான பக்கம் கொஞ்சம் விரிவதால் வாளின் வளைவும் அந்தத் தண்ணீருக்குள்தான் முழுமை பெறுகிறது. விளிம்போடு ஓடும் அலை போன்ற வெள்ளை வரி, ஹமோன் என்பார்கள், இந்தக் களிமண் எல்லையின் தடம். சில சமயம் தண்ணீருக்குள்ளிருந்து "டிக்" என்று ஒரு சத்தம் வரும். விரிசல். அத்தனை நாள் வேலையும் போச்சு.

அதோடு முடியவில்லை. கொல்லர் கொடுத்த வாளில் அந்த வரி சரியாகத் தெரியாது. அதைத் தெரியவைப்பவர் சாணை பிடிப்பவர். கொரகொரப்பான கல்லில் தொடங்கிப் பல வகைக் கற்களைத் தாண்டி, கடைசியில் நகத்தளவு கல் சில்லைக் கட்டைவிரலடியில் வைத்துத் தேய்க்கிறார். ஒரு வாளுக்கு வாரக்கணக்கில் ஆகும். கழுத்துப் பூண் செய்பவர் வேறு, உறைக்கு மரம் குடைபவர் வேறு, பிடியில் திருக்கை மீன் தோல் ஒட்டிக் கயிறு சுற்றுபவர் வேறு. புல்லாங்குழல் காணொளியில் ஒரே ஒரு தாடிக்காரர்தான் வருகிறார்.

வீரக்கதைக்கும் ஒரு வார்த்தை. சாமுராய்க்கு ஆரம்பத்தில் முதல் ஆயுதம் வில். குதிரை மேலிருந்து எய்வது. பிறகு ஈட்டி. 1543-இல் தானேகஷிமா தீவில் போர்த்துகீசியத் துப்பாக்கி இறங்கிய பிறகு அது. வாள் எப்போதும் பக்கத்துணைதான். 1588-இல் ஹிதேயோஷி குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பிடுங்கினார், பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணி அடிக்கப்போகிறேன் என்று சொல்லி! அதன் பிறகு இரண்டரை நூற்றாண்டு பெரிய போரே இல்லாத தொக்குகாவா ஆட்சியில் இடுப்பில் இரண்டு வாள் என்பது சாதி அடையாளமாக ஆனது. கூர்மையைச் சோதிக்க மரண தண்டனை பெற்றவர்களின் பிணங்களை அடுக்கி வெட்டினார்கள். அதற்கென்றே யமதா அசாஎமோன் என்ற பரம்பரை இருந்தது. இத்தனை உடல் அறுந்தது என்று வால்பகுதியில் தங்க எழுத்தில் பொறித்தும் வைத்தார்கள். கலை என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

1876-இல் வாள் அணியத் தடை வந்தது. பட்டறைகள் மூடின. "சாமுராயின் ஆன்மா வாள்" என்று நீங்கள் பகிரும் வாசகத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோன நிதோபேயின் புஷிடோ புத்தகம், தடை வந்து இருபது வருடத்துக்கு மேல் கழித்து, ஆங்கிலத்தில், அமெரிக்காவில் இருந்துகொண்டு எழுதப்பட்டது. அடுத்த தலைமுறையில் அந்த ஆன்மாவை ராணுவம் எடுத்துக்கொண்டது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வாள் அடித்து அதிகாரிகள் இடுப்பில் மாட்டினார்கள். மலேயாத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்ட நம் ஆட்கள் பார்த்த சாமுராய் வாள் அதுதான். புல்லாங்குழல் அவர்களுக்குக் கேட்டிருக்காது.

ஆனால் அந்த ராணுவ உறைக்குள் இருந்ததெல்லாம் தொழிற்சாலைத் தகடு அல்ல. பல அதிகாரிகள் வீட்டில் பரம்பரையாக இருந்த வாளுக்கு ராணுவப் பிடி மாட்டிக்கொண்டு போருக்குப் போனார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பிடியைக் கழற்றி வால்பகுதியைப் பார்த்தால் நிறையத் தெரிந்துவிடும்.

இந்த வால்பகுதிக்கு நககோ என்று பேர். 2019-இல் மகளைப் பார்க்க ஜப்பான் போயிருந்தபோது ஒக்கயாமா பக்கம் ஒசாஃபுனே என்ற ஊரின் வாள் அருங்காட்சியகத்துக்கு மருமகன் கூட்டிப்போனார். நூற்றாண்டுக் கணக்கில் கொல்லர்கள் வாழ்ந்த ஊர். கண்ணாடிப் பெட்டிக்குள் வாள்கள் பிடியில்லாமல் வெறும் உடம்பாகக் கிடந்தன. மேலே கண்ணாடி மாதிரி மின்னும் வாள், கீழே கரிய துருவோடு நககோ. இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவர்கள் இதை மட்டும் ஏன் துடைக்கவில்லை என்று மருமகனை விட்டுக் கேட்கச் சொன்னேன். அங்கிருந்த பெரியவர் சிரித்தார். "அதைத் துடைத்தால் வாளுக்கு வயது போய்விடும்" என்றாராம்.

துருவின் நிறமும் படிவும் வயதைச் சொல்கின்றன. அரம் போட்ட கோடு எந்தச் சாய்வில் இருக்கிறது என்பது எந்தப் பள்ளி என்று சொல்கிறது. எத்தனை ஆணித் துளை என்பது எத்தனை முறை பிடி மாறியது என்று சொல்கிறது. கொல்லர் தன் பெயரை வெட்டுவதும் அங்கேதான். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; பின்னாளில் நீளமான வாள்களை அடியிலிருந்து வெட்டிக் குறைத்தபோது எத்தனையோ பெயர்கள் போய்விட்டன. அந்த ஊர் இருக்கும் செத்தோஉச்சி நகராட்சி 2020-இல் மக்களிடம் பணம் திரட்டி 50 கோடி யென் கொடுத்து வாங்கிய சன்ச்சோமோ என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டு வாளில்கூடக் கொல்லர் பெயர் கிடையாது. தெரிந்தவர்கள் மற்ற அடையாளங்களை வைத்துப் படித்துவிடுவார்கள். உப்புத்தாள் போட்ட இடத்தில் அவர்களுக்கும் படிக்க ஒன்றும் இருக்காது.

இத்தனையும் 2019-இலேயே எனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பி வந்து ஜப்பான் ரயிலைப் பற்றி ஏழு பதிவு போட்டேன். "பிள்ளைகளே, வாள் கதையில் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரி போடத் தோன்றவில்லை. போட்டிருந்தால் அந்தப் பையன் படித்திருப்பான். நான் எழுதுவதை எல்லாம் படிக்கிறவன் அவன்.

அந்த வாள் ஐந்நூறு வருடப் பழசா, 1942-இல் ஏதோ ஒரு ஆலையில் அடித்ததா என்று இனி நககோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேல் பகுதியில் சாணைக்காரர் கண்ணுக்கு ஏதாவது தென்படலாம். அதையாவது விட்டுவை என்று சொல்லி, தையல் மெஷின் எண்ணெய் லேசாகத் தடவி, பருத்தித் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். தேய்க்காதே, பிரிக்காதே, விரலால் தொடாதே. மருமகன் மூலமாகப் படம் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டுப் பரணிலாவது தாத்தா பர்மாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்த வாள் இருந்தால், பிடியைக் கழற்ற வேண்டாம். கழற்றிவிட்டீர்களா, துருவைத் தொடாமல் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். புளி, எலுமிச்சம்பழம், பித்தளை பாலிஷ், உப்புத்தாள் எதுவும் கிட்டே போகக் கூடாது. எலுமிச்சையால் தேய்க்கச் சொல்லும் காணொளி ஒன்றும் சுற்றுகிறது, அதற்குக் கீழே போய்த் திட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

பின்னூட்டத்தில் "ஆயிரம் மடிப்பு உண்மைதான் சார்" என்று எழுத வருகிறவர்கள், ஏழு மில்லிமீட்டரை இரண்டின் ஆயிரமாவது அடுக்கால் வகுத்து, விடையோடு வரவும். வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு.